ஏழாம் வகுப்பில் ஒரு நூற்றாண்டு

அன்புள்ள மங்கை அக்காவுக்கு,



"இரண்டு உலகப் போர், அணுகுண்டு, நிறவெறி, வியட்நாம். இதையெல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்கிறாய்? அந்த வயது தாங்குமா?" என்று கேட்டிருந்தீர்கள். நீங்களும் வரலாற்று ஆசிரியை என்பதால் இந்தக் கேள்வியின் பாரம் உங்களுக்கும் தெரியும்.

இருபதாம் நூற்றாண்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாக இருந்தவர்களைக் கூட்டிவந்து என் வகுப்பில் உட்காரவைக்கிறேன், அக்கா. என் வழி அவ்வளவுதான். அதிபர்கள், போர்கள், ஒப்பந்தங்கள் என்று வரிசையாக நடத்தினால் பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். பஞ்சாலையில் நின்ற சிறுமியையும், பள்ளிக்கூடம் பூட்டப்பட்ட பையனையும் மறப்பதில்லை. அந்த வயது தாங்குமா என்றால், அந்தக் கொடுமைகளை அனுபவித்தவர்களுக்கும் அதே வயதுதானே?

இங்கே அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று வகுத்துக்கொள்கிறது. நான் இருக்கும் வர்ஜீனியாவில் நடுநிலைப் பள்ளிக்கான அமெரிக்க வரலாற்றை, உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். பிற்பாதி என் பங்கு. நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கதையை ஒரே கல்வியாண்டில் முடிக்க வேண்டும். நல்லவேளையாக, இந்தப் பாடத்துக்கான மாநிலத் தேர்வை 2014இல் எடுத்துவிட்டார்கள். மதிப்பீடு அந்தந்த மாவட்டத்தின் பொறுப்பு. அதனால்தான் சில இடங்களில் நிதானமாக நின்று பேச முடிகிறது.

நான் நிற்கும் முதல் இடம் லூயிஸ் ஹைனின் புகைப்படங்கள். தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு 1908இல் இவரைப் படமெடுக்க அனுப்பியது. ஆலை முதலாளிகள் உள்ளே விடுவார்களா? பைபிள் விற்பவர், அஞ்சலட்டை விற்பவர், இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவர் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு நுழைந்தார். பிள்ளைகளின் உயரத்தைத் தன் மேற்சட்டைப் பொத்தான்களைக் கொண்டு கணித்தார். எந்தப் பொத்தான் வரை தலை வருகிறது என்று பார்த்து, சட்டைப்பைக்குள் வைத்திருந்த குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அவர் எடுத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்தில் கற்களைப் பொறுக்கிப் பிரிக்கும் சிறுவர்களை அவர் 1911இல் எடுத்த படத்தைத் திரையில் போடுவேன். எதுவும் சொல்ல மாட்டேன். "யார் எடுத்தது? ஏன் எடுத்திருப்பார்? படத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள்?" என்று மட்டும் கேட்பேன். கரி படிந்த அந்த முகங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

படம் பார்த்ததும் சட்டம் வந்தது என்று கதையை முடித்துவிடலாம். நடந்தது அப்படி இல்லை. குழந்தைத் தொழிலாளர் செய்த பொருளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பக்கூடாதென 1916இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வட கரோலினாவில் டேகன்ஹார்ட் என்ற ஆலைத் தொழிலாளி, தன் இரு மகன்களும் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று வழக்குப் போட்டார். வழக்குக்குப் பின்னால் ஆலை முதலாளிகள் இருந்தார்கள். 1918இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சட்டத்தை ரத்து செய்தது. குழந்தை உழைப்புக்கு நிலைத்த தடை வர 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிள்ளைகள் உடனே கேட்பது தீர்ப்பைப் பற்றியல்ல. "அந்தப் பையன் என்ன ஆனான் மிஸ்?" என்கிறார்கள். நல்லவேளையாக அதற்குப் பதில் இருக்கிறது. தீர்ப்பு வந்து சில ஆண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையாளர் மூத்தவன் ரூபனைத் தேடிப்போய்ப் பேசியிருக்கிறார். அப்போது அவன் மணமான இளைஞன், எடை 105 பவுண்டு, நம் கணக்கில் நாற்பத்தெட்டு கிலோவுக்குள். படிக்காமல் போனதும், வளராமல் போனதும் அந்த ஆலையால்தான் என்று அவனே சொன்னான். தனக்காகப் போடப்பட்ட வழக்கில் ஜெயித்து என்ன கண்டோம் என்று வருந்தினான். அரசியலமைப்பு, கூட்டாட்சி அதிகாரம், மாநில உரிமை எல்லாவற்றையும் ரூபனை வைத்தே நடத்திவிடுகிறேன். வேறு எந்த வழியில் சொன்னாலும் அவை பிள்ளைகள் மனதில் நின்றதில்லை.

நான் அதிக நாள் நிற்கும் இடம் இன்னொன்று. அது இந்த மாநிலத்தின் சொந்தக் கதை.

1951 ஏப்ரலில், ஃபார்ம்வில் என்ற சிற்றூரில், கருப்பினப் பிள்ளைகள் படித்த மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி வேலைநிறுத்தம் தொடங்கினாள். 180 பேருக்காகக் கட்டிய பள்ளியில் 450க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். மிச்சப் பேருக்குத் தார்த்தாள் வேய்ந்த கொட்டகைகள். மழை பெய்தால் ஒழுகும், குளிர் காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவன் வேர்ப்பான், தள்ளி இருப்பவன் நடுங்குவான். அந்தப் போராட்டம் வழக்காகி, மற்ற நான்கு வழக்குகளோடு சேர்ந்து, பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் போய் முடிந்தது. வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற ராபர்ட் லீ சிலையை 2020 டிசம்பரில் எடுத்தபோது, அதற்குப் பதிலாக மாநிலம் தேர்ந்தெடுத்தது பார்பராவைத்தான். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதியின் இடம் ஒரு பள்ளி மாணவிக்கு.

தீர்ப்பு வந்ததும் வர்ஜீனியா பணியவில்லை. 'பெரும் எதிர்ப்பு' என்று பெயர் வைத்துக்கொண்டு, வெள்ளையரும் கருப்பரும் சேர்ந்து படிக்கப்போகும் பள்ளிகளை இழுத்து மூடியது. அதே காலத்தில், 1957இல், மாநில அரசு ஏழாம் வகுப்புக்கு ஒரு வரலாற்றுப் பாடநூல் வெளியிட்டது. அதில் ஒரு படம்: கப்பலில் வந்திறங்கும் அடிமைக் குடும்பம் நல்ல உடை உடுத்தி நிற்கிறது, வெள்ளைக்காரர் ஒருவர் கைகுலுக்கி வரவேற்கிறார். அடிமைகள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று அந்தப் புத்தகம் சொன்னது. 1970கள் வரை பிள்ளைகள் அதைப் படித்தார்கள்.

இந்தப் பக்கத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் என் ஏழாம் வகுப்புக்குக் காட்டுகிறேன். அடிமை முறை பற்றிய சான்றாக அது உதவாது. 1957இல் வர்ஜீனியாவை ஆண்டவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. யார் எழுதினார், எந்த ஆண்டு, யார் படிப்பதற்காக என்ற மூன்று கேள்விகளைக் கையில் கொடுத்தால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிறகு தாங்களாகவே இப்போதைய பாடநூலின் முதல் பக்கத்தைத் திருப்பி, அச்சான ஆண்டைத் தேடுகிறார்கள். அந்தத் தேடலைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும், அக்கா.

1959 பிப்ரவரி 2 அன்று, போலீஸ் காவலோடு, ஆர்லிங்டனில் உள்ள ஸ்ட்ராட்ஃபோர்டு பள்ளிக்குள் நான்கு கருப்பினப் பிள்ளைகள் நடந்து போனார்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். நால்வரும் ஏழாம் வகுப்பு. அந்த வளாகத்தில் இப்போதும் ஒரு நடுநிலைப் பள்ளி நடக்கிறது. அதே ஆண்டு, ஃபார்ம்வில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம், பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைப்பதைவிட அரசுப் பள்ளிகளே வேண்டாம் என்று அத்தனையையும் மூடியது. இதைச் சொன்னதும் வகுப்பில் சில பேர் "ஹை, லீவு!" என்பார்கள். எத்தனை காலம் என்று சொல்வேன்: 1964இல் உச்ச நீதிமன்றம் தலையிடும்வரை. வெள்ளைப் பிள்ளைகளுக்கு உடனே தனியார் பள்ளி எழுந்தது. கருப்பினப் பிள்ளைகளில் பலர் ஐந்தாண்டில் பெரும்பகுதி பள்ளியே பார்க்கவில்லை. பன்னிரண்டில் நின்றவன் பதினேழில்தான் அரசுப் பள்ளிக்குத் திரும்பியிருக்க முடியும். கணக்குப் போட்டுப் பார்த்ததும் வகுப்பு அடங்கிவிடும். அப்படிப் படிப்பை இழந்து முதியவர்களாகிவிட்டவர்களுக்கு, விட்ட படிப்பைத் தொடர 2004இல்தான் மாநிலம் உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது.

இதையெல்லாம் சொல்வதில் இங்கே கெடுபிடியும் உண்டு. 2022 ஜனவரியில் ஆளுநராகப் பதவியேற்ற கிளென் யங்கின், பிளவுபடுத்தும் கருத்துகளைப் பள்ளிகளில் நடத்தக்கூடாது என்பதையே தன் முதல் ஆணையாக்கினார். வரலாற்றுப் பாடத்திட்டத் திருத்தமும் பெரும் சர்ச்சைக்குப் பிறகு 2023 ஏப்ரலில்தான் நிறைவேறியது. நான் என் கருத்தைக் குறைத்து, ஆவணத்தைக் கூட்டுகிறேன். படம், தீர்ப்பு, கடிதம், பத்திரிகைச் செய்தி. ஆவணத்தை முன்னால் வைத்தால் பெற்றோரும் ஏற்கிறார்கள்.

எதைக் காட்டுவதில்லை என்பதும் சொல்ல வேண்டும். எம்மெட் டில் என்ற கருப்பினச் சிறுவன் 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் கொல்லப்பட்டபோது வயது பதினான்கு. அவன் அம்மா மேமி, உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். அந்தத் தாயின் முடிவுக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தச் சவப்பெட்டிப் படத்தை ஏழாம் வகுப்பில் காட்ட மாட்டேன். நடந்ததைச் சொல்வேன். கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுவித்ததையும், விடுதலையானபின் அவர்களே ஒரு பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டதையும் சொல்வேன். திரையில் இருப்பது முந்தைய கிறிஸ்துமசுக்குத் தொப்பியும் டையுமாக அவன் எடுத்துக்கொண்ட படம். வீட்டில் பேசித் தயார்ப்படுத்தட்டும் என்று முன்கூட்டியே பெற்றோருக்குக் கடிதம் போகும். வகுப்பை இரு நிறமாகப் பிரித்து அவமதிப்பை நடித்துப் பார்க்கச் சொல்லும் பயிற்சிகளையும் நான் தொடுவதில்லை. மற்றவர் பட்ட அவமானம் அரைமணி நேர விளையாட்டாக ஆகக்கூடாது.

நூற்றாண்டு முழுக்கத் துயரம்தான் என்று பிள்ளைகள் நினைத்துவிடவும் கூடாது. 1954இல் சால்க்கின் போலியோ தடுப்பூசிச் சோதனையில் சுமார் 18 லட்சம் பள்ளிப் பிள்ளைகள் பங்கேற்றார்கள். முதல் ஊசி ஏப்ரல் 26 அன்று போடப்பட்டது எங்கள் பக்கத்து மக்லீனில், ஓர் ஆரம்பப் பள்ளியில். மறு ஆண்டு ஏப்ரலில் ஊசி பலிக்கிறது என்று அறிவித்தார்கள். ஒரு நோயை விரட்டியதில் பிள்ளைகளின் கை இருந்தது என்பது இவர்களுக்குப் பெருமையாக இருக்கிறது.

இந்த நூற்றாண்டை நடத்துவதில் உள்ள பெரிய வசதி, அதைக் கண்டவர்கள் இன்னும் நம்மோடு இருப்பது. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் பேசி எழுதிவரச் சொல்கிறேன். என் வகுப்பில் எல் சால்வடார், எத்தியோப்பியா, கொரியா, வியட்நாம், இந்தியா என்று பல நாட்டு வேர்கள். 1975இல் சைகானை விட்டுக் கிளம்பிய பாட்டியின் கதையும், பனிப்போர் சால்வடாரில் என்ன செய்தது என்ற தாத்தாவின் கதையும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. என் பங்குக்கு 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தைச் சொல்வேன். 1917இலிருந்து ஆசியாவின் பெரும்பகுதிக்கு இந்த நாடு கதவை அடைத்திருந்தது. பகத் சிங் திந்த் என்ற சீக்கியர் முதல் உலகப் போரில் இந்த நாட்டு ராணுவத்தில் இருந்தவர். அவர் வெள்ளையர் அல்ல, குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சமவுரிமைப் போராட்டம் நாட்டின் மனத்தை அசைத்த பிறகுதான், 1965 அக்டோபரில், சுதந்திர தேவி சிலையின் காலடியில் அதிபர் ஜான்சன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். பார்பரா ஜான்ஸ் போன்றவர்கள் தெருவில் இறங்கியிருக்காவிட்டால் உங்கள் மிஸ் இந்த வகுப்பில் நின்றிருக்க மாட்டாள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். மனதாரச் சொல்கிறேன்.

பாடத்தில் இப்போது 1965 டிசம்பரில் இருக்கிறோம். அயோவா மாநிலம் டெமாய்ன் நகரில் மேரி பெத் டிங்கர் என்ற எட்டாம் வகுப்பு மாணவி, வியட்நாமில் இறந்தவர்களுக்காகக் கையில் கருப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்குப் போனாள். வயது பதின்மூன்று. பள்ளி அவளை இடைநீக்கம் செய்தது, வீட்டின் மீது சிவப்புப் பெயிண்டை வீசினார்கள். 1969இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவள் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹியூகோ பிளாக் கடுமையாக மறுத்து எழுதினார். பள்ளியை மாணவர்கள் ஆளத் தொடங்கினால் ஒழுங்கு என்னாகும் என்பது அவர் கவலை.

வரும் வெள்ளிக்கிழமை அந்த வழக்கை வகுப்பில் வாதிடப்போகிறோம். ஒன்பது பேர் நீதிபதிகள், மற்றவர்கள் இரு தரப்பு வழக்கறிஞர்கள். மேரி பெத் பக்கம் வாதிட எல்லாரும் முண்டியடிப்பார்கள் என்று நினைத்தேன். என்னிடம் அதிகம் வாதிடும் இரண்டு பேர் பள்ளியின் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிளாக்கின் தீர்ப்புரையை நூலகத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். என்ன தீர்ப்பு வந்தது என்று அடுத்த மடலில் எழுதுகிறேன். உங்கள் எட்டாம் வகுப்பில் இப்படி வாதிட எந்த வழக்கைக் கொடுப்பீர்கள் என்று நீங்களும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை