அம்மா வைத்த வெந்நீர்

பெங்களூரில் வாழும் நம்மவர்களுக்கு, “எப்போது புறப்படுகிறீர்கள்?” என்னும் கேள்வியோடுதான் தீபாவளி தொடங்குகிறது. “அலுவலகம் முடிந்ததும்” என்று பல ஆண்டுகள் பெருமையோடு விடை கூறி வந்தவன் நான். அரை நாள் விடுப்பும் வீணாகாமல் ஊர் போய்ச் சேர்வதைப் பெரிய சாமர்த்தியம் என்றே எண்ணியிருந்தேன்.

அந்தச் சாமர்த்தியம் 2024ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முந்தின நாள் அத்திப்பள்ளியில் அகப்பட்டுக்கொண்டது. மாலை 6 மணிக்குப் புறப்பட்டோம். ஓசூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். போய்ச் சேர இரவு 10 மணி ஆயிற்று. குழந்தைகள் பசித்து அழுது உறங்கிவிட்டார்கள். கிருஷ்ணகிரிச் சுங்கச்சாவடியில் மறுபடியும் வரிசை. நள்ளிரவுக்குப் பின் தொப்பூர் கணவாயில் இறங்குகையில் என் கண்கள் செருகின. என் மனைவி அலறித் தோளை உலுக்கியபோது, முன்னே ஊர்ந்துகொண்டிருந்த லாரி கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதற்குமேல் ஓட்டத் துணிவில்லை. ஒரு தேநீர்க்கடை ஓரம் வண்டியை நிறுத்தி விடியும்வரை கிடந்தோம்.

திண்டுக்கல் வீட்டை அடைந்தபோது காலை மணி 10. அம்மா தானும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல், பச்சைத் தண்ணீரும் பருகாமல் வாசலில் அமர்ந்திருந்தாள். “மூன்று தடவை வெந்நீர் போட்டுவிட்டேன், ராசா. வா, குளி” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் கடிந்துகொண்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பழியை எல்லைமீது போடத்தான் முதலில் தோன்றியது. ஆனால் 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் நீங்கிவிட்டன. 2021 பிப்ரவரி முதல் பாஸ்டேக்கும் கட்டாயமாகிவிட்டது. பின் வரிசை எங்கிருந்து வந்தது? சென்னைக்குப் போவோரில் பலரும் சேலத்துக்குப் போவோரில் பலரும் கிருஷ்ணகிரி வரை ஒரே சாலையில்தான் போகிறார்கள். அத்தனை பேரும் ஒரே மாலையில், ஒரே கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம். நான் திட்டித் தீர்த்த வரிசையில் நானும் ஒருவன் அல்லவா?

2025இல் தீபாவளி திங்கட்கிழமை வந்தது. வெள்ளி மாலை நகரமே புறப்படும் என்றறிந்து, வெள்ளியன்றே விடுப்பு எடுத்தேன். முந்தின இரவு 8 மணிக்கே படுத்து, விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பினோம். அத்திப்பள்ளியில் வண்டி நிற்கவே இல்லை. கிருஷ்ணகிரியை இருளிலேயே தாண்டித் தொப்பூரை வெளிச்சத்தில் கடந்தோம். சேலத்தில் இட்டிலி, பகல் உணவு அம்மா கையால். திரும்பும்போதும் விடுமுறையின் கடைசி மாலையை விட்டு, அன்று விடியலிலேயே புறப்பட்டோம்.

விடுப்புக் கணக்கில் ஒரு நாள் குறைந்தது மெய். ஆயினும் அந்தத் தீபாவளியன்று அம்மா ஒரே தடவைதான் வெந்நீர் போட்டாள்.