மல்கியா மூன்று - பத்துக்கு முன்னால் ஐந்து

தசமபாகப் பிரசங்கம் கேட்காமல் வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர் யாராவது உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை :-) மல்கியா 3:10 நமக்கு மனப்பாடம். எங்க நாசரேத் பக்கத்திலும் சரி, பதினாறு வருஷமாக நான் குடியிருக்கும் புனேயிலும் சரி, காணிக்கைப் பை வருவதற்கு முன்னால் அந்த வசனம் வந்துவிடும்.

அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் மேலே போய்ப் பாருங்கள். 3:5. கர்த்தர் நியாயம் விசாரிக்க வரும்போது யார் யாருக்கு விரோதமாகச் சாட்சி சொல்வார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சூனியக்காரர், விபசாரர், பொய்யாணை இடுகிறவர். அதே வரிசையில், கூலிக்காரனின் கூலியில் கை வைக்கிறவர்களும் வருகிறார்கள். சூனியக்காரனோடு சேர்த்து! இந்த வசனத்தை வைத்து ஒரு முழுப் பிரசங்கம் நான் இன்னும் கேட்டதில்லை.

நான் சிவில் இஞ்சினியர். கட்டிட வேலைதான் சோறு போடுகிறது. அதனால் இந்த விஷயம் வேதத்தில் வருகிற இடமெல்லாம் கண்ணில் படும். லேவியராகமம் 19:13, கூலியை மறுநாள் காலை வரை வைத்திருக்கக் கூடாது என்கிறது. உபாகமம் 24:14, 15 இன்னும் கறார். பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அவன் உன் சகோதரனா, ஊருக்கு வந்த அந்நியனா என்ற வித்தியாசமும் கிடையாது. யாக்கோபு 5:4-ல் பிடித்து வைத்த கூலியே கூக்குரல் போடுகிறது.

என் தொழில்காரர்களுக்கென்றே எழுதின மாதிரி ஒன்று எரேமியா 22-ல் உண்டு. ராஜா யோயாக்கீம் பெரிய ஜன்னல்கள் வைத்து, கேதுரு மரம் பதித்து அரண்மனை கட்டுகிறான். வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா அவனுடைய அப்பா யோசியாவை ஞாபகப்படுத்துகிறார். உன் அப்பாவும் சாப்பிட்டார், குடித்தார், ஆனால் ஏழைக்கு நியாயம் செய்தார், என்னை அறிகிறது என்றால் அதுதானே என்று கர்த்தர் கேட்கிறாராம். 16-ஆம் வசனம். பல நாள் என்னைத் தூங்கவிடாத வசனம் இது. ஜெபம், உபவாசம், பாட்டு எல்லாம் நாம் செய்கிறோம். 'என்னை அறிவது' என்று கர்த்தர் இந்த இடத்தில் சொல்வது கூலிக்காரனின் வழக்கை.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

புனேயில் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், சில சந்திப்புகளில் கும்பலாக நிற்பார்கள். மஜூர் அட்டா என்பார்கள். நாந்தேட், லாத்தூர், கர்நாடகாவில் கலபுரகி பக்கமிருந்து வந்தவர்கள் நிறைய. டிபன் டப்பா, மண்வெட்டி, இடுப்பில் குழந்தை. ஒன்பது, பத்து மணிக்கு மேல் கூப்பிட ஆள் வராவிட்டால் அன்றைக்கு வருமானம் இல்லை. மத்தேயு 20-ல் சந்தையில் சும்மா நின்றவர்கள் யார் என்று எனக்கு விளங்கியது இவர்களைப் பார்த்துத்தான்.

2023 மே மாதம், மழைக்கு முன்னால் எங்கள் சபை ஹாலின் மொட்டைமாடிக்கு வாட்டர்புரூஃபிங் செய்ய வேண்டியிருந்தது. ஆறு நாள் வேலை. அட்டாவிலிருந்து ஒரு கொத்தனார், மூன்று சித்தாள். அதில் இரண்டு பேர் புருஷன் பெண்டாட்டி. மேற்பார்வை என் தலையில். கமிட்டியில், சனிக்கிழமை மொத்தமாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பொருளாளர் அண்ணாச்சி நல்ல மனுஷன், சபைக் காசு ஒரு ரூபாய் வீணாக விடமாட்டார். "தினம் கையில் காசைக் கொடுத்தா மறுநாள் வரமாட்டானுங்க தம்பி, பாதி வேலையில நிக்கும்" என்றார்.

இந்த வாதம் எனக்குப் புதுசில்லை. ஒரு வாரக் கூலியைப் பிடித்து வைப்பது பல சைட்டில் எழுதாத சட்டம். ஆள் ஓடாமல் இருக்க அது கயிறு. நான் அண்ணாச்சியிடம் பைபிளைத் திறந்து உபாகமத்தைக் காட்டினேன். "அண்ணாச்சி, இது நம்ம கட்டிடமில்லை. ஆண்டவர் வீடு. அவர் வீட்டு வேலைக்கு அவர் சொன்ன கணக்குப்படி கொடுப்போமே" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, ஆனா தினம் வவுச்சர் வேணும். கையெழுத்தோ ரேகையோ இல்லாம நான் பணம் தரமாட்டேன்" என்றார். அது நியாயம்தானே.

ஆறு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவரே ஸ்கூட்டரில் வந்து கொடுத்தார். புருஷன் கையில் இரண்டு கூலியையும் சேர்த்துக் கொடுப்பதுதான் வழக்கம். நாங்கள் அந்தப் பெண்ணுக்குத் தனியாக, தனி வவுச்சரில் கொடுத்தோம். முதல் நாள் அந்த அம்மா நோட்டை எண்ணிவிட்டு, இது என்னுடையதா என்று இந்தியில் இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் நாள் ஒரு ஆள் வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா? அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார் :-) வேறு ஆள் வந்தார், வேலை ஆறு நாளில் முடிந்தது. ஒருவர் வராமல் போகலாம் என்று உபாகமத்துக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் அந்தக் கட்டளை. நமக்கு வரக்கூடிய நஷ்டத்துக்கு அவனுடைய ராத்திரிச் சாப்பாட்டை அடமானமாக எடுக்காதே என்கிறது.

இப்போது நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2019-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, தினக்கூலிக்கு அந்த ஷிப்ட் முடிவிலேயே கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள். இதையெல்லாம் மோசேயின் புத்தகம் எப்போதோ சொல்லிவிட்டது.

கட்டிட வேலைதானே, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இங்கே நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவரை 'மாவ்ஷி' என்று கூப்பிடுகிறோம். மராட்டியில் அம்மாவின் சகோதரி என்று அர்த்தம். சித்தி, பெரியம்மா! நம் சம்பளம் மாசக் கடைசியில் அக்கவுண்டில் விழுந்துவிடும். சித்திக்கு மட்டும் "சில்லறை இல்லை, நாளைக்கு வாங்க" என்று பத்தாம் தேதி வரை இழுக்கும் வீடுகள் உண்டு. ஊருக்குப் போன பதினைந்து நாளுக்குப் பிடித்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. லீவு எடுத்தது நாம், கூலி போனது அவருக்கு.

நாமும் இந்த ஊருக்கு வெளியாட்கள்தான். மொழி தெரியாமல் நின்ற முதல் மாதங்கள் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். வேதம் சொல்லும் 'அந்நியன்' பட்டியலில் நாமும் இருக்கிறோம், அந்த அட்டாவில் நிற்கிறவரும் இருக்கிறார்.

எங்கள் வீட்டில் ஒரு சின்ன ஏற்பாடு. சம்பளம் வந்தவுடன் முதலில் எடுத்து வைப்பது மாவ்ஷியின் பணம், இஸ்திரிக்காரர் பாக்கி, கார் கழுவும் பையனின் பணம். அதற்கு அப்புறம்தான் தசமபாகக் கவர். காணிக்கையைக் குறைக்கச் சொல்லவில்லை, தாராளமாகக் கொடுங்கள். வரிசையைத்தான் சொல்கிறேன். மல்கியாவிலேயே ஐந்தாம் வசனம்தானே முதலில் வருகிறது?