இருபத்தைந்துக்குப் பதினாறு

2021 மே மாதம். நெல்லியாளத்திலிருந்து என் வீட்டுக்காரரை ஊட்டிக்குக் கொண்டுபோனோம். கொரோனா. நெஞ்சு ஸ்கேன் காகிதத்தில் '16/25' என்றிருந்தது. பரீட்சை மார்க்காயிருந்தால் பாஸ்! வலது நுரையீரலில் மூன்று, இடதில் இரண்டு மடல்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு கெட்டிருக்கிறதென்று ஐந்து வரை மார்க் போட்டுக் கூட்டுவார்களாம். கூடக்கூட ஆபத்து.

"பிழைச்சுக்குவாரா டாக்டர்?"

"இது இன்றைய படம்தாம்மா. வயசு, சர்க்கரை, ஆக்ஸிஜன் எல்லாம் சேர்த்துத்தான் சொல்லணும். விரலில் மாட்டுற கருவியில் 94-க்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரிக்கு வரணும். இவருக்கு 88. முதல்லே அதை ஏத்துவோம்."

லேசான தொற்றுக்கு ஸ்கேன் தேவையில்லை என்று அந்த மாதமே எய்ம்ஸ் இயக்குநராயிருந்த டாக்டர் ரண்தீப் குலேரியா எச்சரித்தார். இவருக்கு வந்தது லேசானதல்லவே!

ஆக்ஸிஜன் வைத்து, குப்புறப் படுக்க வைத்தார்கள். ஒன்பதாம் நாள் 95. மாமியாருக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது. "கஞ்சி கேட்டானா?" என்றுதான் தினமும் போனில் விசாரிப்பார்.

அன்றைக்குக் கேட்டார்.