இறங்கிய பிறகும் ஏன் பார்க்க வேண்டும்?

எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் பெரியவருக்கு எங்கள் வீட்டு விஷயம் பாதி தெரியும். மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது, பெரியவளைப் பிரசவத்துக்குச் சேர்த்தது, சின்னவளைப் பெண் பார்க்க வந்தவர்களைத் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து கூட்டி வந்தது எல்லாம் அவர் வண்டியில்தான். ஆனால் அவர் எதையும் நோட்டுப் போட்டு எழுதி வைக்கவில்லை. தெரிந்தது அவரோடு சரி.

போனில் கூப்பிடுகிறோமே வாடகைக் கார், அதன் சங்கதி வேறு. எங்கே ஏறினோம், எந்த வழியாகப் போனோம், எத்தனை மணிக்கு எந்த வாசலில் இறங்கினோம் எல்லாம் பதிந்து விடுகிறது. நாம் போன பயணங்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். மளிகைக் கணக்கு நோட்டு மாதிரி வரிசையாக இருக்கும்.

"இருந்துவிட்டுப் போகட்டுமே, நாம் என்ன திருட்டா செய்கிறோம்?" என்கிறீர்களா? என் தங்கை மகளும் திருட்டு ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். முதல் கரு ஏழாம் வாரத்தில் கலைந்துவிட்டது. மறுபடி நாள் தள்ளியபோது என்னிடம் மட்டும் சொன்னாள். "மூணு மாசம் போகட்டும் பெரியம்மா. இதுவும் நிக்கலைன்னா எல்லாரும் என்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியாது" என்றாள். வீட்டில் அவள் கணவருக்கு மட்டுமே தெரியும்.

அவள் போனில் வாடகைக் கார் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தவர் கொழுந்தனார். தன் ஈமெயில் முகவரியைப் போட்டிருந்தார். லேபுக்கும் டாக்டரிடமும் போய் வந்த ரசீது ஒவ்வொன்றும், ஏறிய இடம் இறங்கிய இடத்தோடு, அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, "என்ன அண்ணி, இந்த வாரம் ரெண்டு தரம் லேடி டாக்டர்கிட்ட போயிருக்கீங்க? உடம்புக்கு என்ன?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பரிமாறிக் கொண்டிருந்த மாமியாரின் கரண்டி அப்படியே நின்றது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும், நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, அதை எந்த நாளில் சொல்வது என்பது அவள் கையில் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

வீட்டுக்குள்ளேயே இப்படியென்றால் கம்பெனிக்குள் எப்படி இருக்கும்? ஊபர் கம்பெனியில் 'காட் வியூ' என்று ஒரு வசதி இருந்ததும், ஒரு பெண் பத்திரிகையாளர் வந்த காரை அவர் அனுமதியில்லாமல் நியூயார்க் அதிகாரி ஒருவர் அதில் பார்த்ததும் 2014ல் வெளியே வந்தது. பயணிகள் இருக்குமிடத்தைக் கண்ட ஊழியரும் பார்க்காதபடி கட்டுப்படுத்துவதாக, 2016 ஜனவரியில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலிடம் அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அதே வருஷம் நவம்பரில், பயணி இறங்கிய பிறகும் ஐந்து நிமிஷம் வரை அவர் இருக்குமிடத்தைத் தெரிந்து கொள்ளும்படி செயலியை மாற்றியது. பலரும் ஆட்சேபித்தார்கள். 2017 ஆகஸ்டில் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. அதே மாதம் 24ந் தேதிதான், அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என்று நம் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

"அப்போ இந்தக் காரே வேண்டாம்கிறியா?" என்று என்னவர் கேட்டார். அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது. 2014 டிசம்பரில் டில்லியில், இப்படிக் கூப்பிட்ட காரில் ஏறிய பெண்ணுக்கு ஓட்டுநராலேயே நேர்ந்த கொடுமையை மறக்க முடியுமா? அவசரப் பொத்தானும், பயணத்தை வீட்டாருக்குக் காட்டும் வசதியும் அதற்காகத்தானே இருக்கின்றன. என் சின்னவள் சிறுசேரியில் வேலை முடித்துக் கிளம்பவே ஒன்பதரை ஆகும். காரில் ஏறியதும் எனக்குப் பயணத்தை அனுப்பி விடுவாள். சோழிங்கநல்லூர் தாண்டிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே தோசைக்கல்லை அடுப்பில் போடுவேன். அவள் வந்து இறங்கியதும் அது முடிந்துவிடும்.

"எந்நேரமும் தெரியற மாதிரி வெச்சுடேம்மா" என்று அவள் அப்பா ஒருநாள் சொன்னார். "ராத்திரி கார்ல வரும்போது பாருங்கப்பா. பகல்ல நான் எங்க டீ குடிக்கிறேன்னு எதுக்கு?" என்றாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. பயணம் நடக்கும்வரை பார்ப்பது பாதுகாப்பு. இறங்கிய பிறகும் பார்ப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

சகோதரிகளே, இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். செயலியின் படத்தைச் சற்று அழுத்திப் பிடித்து, அதன் விவரத்துக்குள் போய், அனுமதிகளில் 'இருப்பிடம்' என்பதைத் தேடுங்கள். 'எப்போதும்' என்றிருந்தால் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். 2019க்குப் பிறகு வந்த ஆண்ட்ராய்டு போன்களில் இந்த வசதி உண்டு. ஏறும் இடத்தைக் கையால் டைப் அடித்தும் கார் கூப்பிடலாம். 'வீடு' என்று சேமிக்குமிடத்தில் கதவு எண் வரை போடாமல், பக்கத்துக் கடையையோ கோயிலையோ போட்டாலே போதும். ரசீது யாருடைய ஈமெயிலுக்குப் போகிறது என்பதை அவசியம் பாருங்கள். இவ்வளவு செய்தாலும் ஓட்டுநர் போன் வழியாகப் பயணம் பதியத்தான் செய்யும். ஆனால் அது அந்தப் பயணத்தோடு நிற்கும்.

தங்கை மகளுக்கு இப்போது ஏழாவது மாதம். வளைகாப்பு வைக்க நாள் பார்த்துக் கொண்டிருக்கிறோம். கணக்கை அவளுடைய ஈமெயிலுக்கே மாற்றிக் கொடுத்தவரும் அந்தக் கொழுந்தனார்தான்.