402 மீட்டரா, பதினெட்டு வளைவா?

கொஞ்சம் நீளமான பதிவு. கார்ப் பைத்தியம் உள்ள தம்பிமார் பொறுமையாக வாசியுங்கள். அவர்களுடைய வாப்பாமாரும் வாசித்தால் இன்னும் நல்லது.

என் ராத்தாவின் மூத்த மகன் கத்தாரில் நாலு வருஷம் நின்று சேர்த்த காசில் ஒரு 1998 ஹொண்டா சிவிக் வாங்கியிருக்கிறான். நம்ம பொடியன்மார் ‘ஈகே’ என்று சொல்வார்களே, அதுதான். 1500 சிசி எஞ்சின், மெனுவல் கியர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025இல்தான் திரும்பக் கதவு திறந்தது. அந்த ஐந்து வருஷத்தில் இந்த வயசான ஜப்பான் கார்களுக்கு ஏறிய மவுசு உங்களுக்குத் தெரியும். வாங்கியவன் சும்மா இருப்பானா? எட்டு லட்சத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, காரை ‘செட்’ பண்ணப் போகிறேன் என்று நிற்கிறான்.

எதற்குச் செட் பண்ணுவது என்பதுதான் கேள்வி. டிராக் ரேஸுக்கா, வளைவுக்கா? கராஜில் ஒரு கூட்டம் ஒன்றைச் சொல்கிறது, யூடியூப் மற்றதைச் சொல்கிறது. கடைசியில் பௌதிகவியல் படிப்பிக்கிற மாமாவிடம் வழக்கு வந்தது.

“ரெண்டையும் ஒண்டா செய்யேலாதா மாமா?”

“ஏலாது மகன்.”

ஏன் ஏலாது என்பதை அவனுக்குச் சொல்லி முடிக்க இரண்டு இரவு எடுத்தது. உயர்தர வகுப்பில் என் பிள்ளைகள் மூன்று நாலு பேரும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுவோம் என்று நினைத்தேன்.

தெரியாதவர்களுக்கு: டிராக் ரேஸ் என்பது நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாய்வது. தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவர் வென்றார். வளைவு கிடையாது. சில இடங்களில் அதில் பாதித் தூரம்தான் ஓடுவார்கள்.

கார் எவ்வளவு விலையானதாக இருந்தாலும், அது றோட்டைத் தொடுவது நாலு உள்ளங்கை அளவு ரப்பரில்தான். முன்னுக்குப் பாய்வதும், நிற்பாட்டுவதும், திருப்புவதும் அந்த நாலு உள்ளங்கையின் பிடியில்தான் நடக்கின்றன. அந்தப் பிடி ஆசிரியரின் மாதச் சம்பளம் மாதிரி. தொகை குறித்தது. பிரேக்கில் முழுவதையும் செலவழித்துவிட்டால் திருப்புவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. கடன் கேட்கவும் ஆளில்லை.

டிராக் கார்க்காரன் அந்தச் சம்பளம் முழுவதையும் ஒரே செலவுக்கு, முன்னுக்குப் பாய்வதற்கு, ஒதுக்குகிறான். அதில் அவனுக்கு ஒரு தலையிடி இருக்கிறது. கணக்கோடு சொல்கிறேன், வகுப்புப் பழக்கம்.

1050 கிலோ எடையுள்ள ஒரு கார். சிவிக்கில் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே 2.62 மீட்டர். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். கார் புவியீர்ப்பு ஆர்முடுகலின் பாதி அளவில் பாய்கிறது. 1050ஐ 0.5ஆல் பெருக்குங்கள், இன்னொரு தரம் 0.5ஆல் பெருக்குங்கள், 2.62ஆல் பிரியுங்கள். 100 வருகிறது. அதாவது, பாய்கிற நேரத்தில் 100 கிலோ பாரம் முன் சில்லுகளிலிருந்து பின் சில்லுகளுக்குப் போய்விடுகிறது. ஒரு சீமெந்துப் பேக் 50 கிலோ. போனட்டிலிருந்து இரண்டு பேக்கைத் தூக்கி டிக்கியில் போட்ட மாதிரி.

சிவிக்கோ முன் சில்லு இழுக்கிற கார். இழுக்க வேண்டிய சில்லுக்கே பாரம் குறைந்தால் அது சும்மா சுழன்று புகைதான் வரும். ஆகவே டிராக்குக்குச் செட் பண்ணுகிறவர்கள் பின்பக்கம் குந்தாமல் இருக்க அங்கே இறுக்கமான ஸ்பிரிங் போடுவார்கள். முன்னுக்கு அகலமான மெதுவான டயர், காற்றும் குறைவு. பின்னுக்கு ஒடுங்கிய டயர், காற்று கூட. பின் சீட்டையும் ஸ்பெயார் வீலையும் கழற்றி வைப்பார்கள். டயர் தட்டையாக முழு அகலத்துக்கும் பட வேண்டும் என்பதால் கெம்பரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவார்கள். எஞ்சினில் உச்சச் சுற்றில் வலு வருகிற மாதிரி வேலை செய்வார்கள், கீழ்ச் சுற்றில் இழுவை செத்தாலும் பரவாயில்லை. பின் சில்லு இழுக்கிற பழைய கொரோலா என்றால் இதில் பாதி தலைகீழ்: அங்கே மூக்கு மேலே எழும்ப வேண்டும், பாரம் பின்னுக்கு வர வேண்டும் என்று முன் ஸ்பிரிங்கை இளக்குவார்கள்.

வளைவுக்குச் செட் பண்ணுகிறவன் அதே சம்பளத்தை மூன்று செலவுக்குப் பங்கு போடுகிறான். நாலு சில்லுக்கும் ஒரே அளவில், ஒரே தரத்தில் டயர். கார் சாயும்போதும் வெளிப்பக்க டயர் தட்டையாகப் பட வேண்டும் என்பதால் முன்னுக்குக் கொஞ்சம் உள்சாய்ந்த கெம்பர். நல்ல ஷொக். சூடு தாங்குகிற பிரேக். எஞ்சினில் நடுச் சுற்றில் இழுவை. ஒவ்வொரு ஆணியிலும் முந்தியவன் செய்வதற்கு எதிர்ப்பக்கம். அதனால்தான் ஏலாது என்றேன். இரண்டையும் கலந்தால் இரண்டுக்கும் உதவாத ஒன்று வரும்.

எங்கள் ராத்தாவுக்கு மாதம் ஒருமுறை கண்டியில் இருதய கிளினிக். நம்ம பக்கத்திலிருந்து கண்டிக்குப் போகிற பாதை எல்லோருக்கும் தெரியும்: அம்பாறை, மஹியங்கனை, பிறகு பதினெட்டு வளைவு. றோட்டைத் திருத்தியபோது ஒரு வளைவு போய் இப்போது 17தான், ஆனாலும் நமக்கு அது பதினெட்டு வளைவுதான். கூட்டிப் போவது இந்தச் சிவிக்கில். ராத்தா பின் சீட்டில் கையில் எலுமிச்சங்காயோடு இருப்பா.

15 மீட்டர் ஆரையுள்ள ஒரு கொண்டை வளைவை எடுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் திரும்பினால் தேவைப்படும் பக்கப்பிடி புவியீர்ப்பில் பாதிக்கும் குறைவு. நல்ல டயர் சிரமமில்லாமல் தரும். அதே வளைவை 40இல் எடுத்தால் தேவை 0.84. வெறும் 10 கூடியதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஏனென்றால் வேகத்தின் வர்க்கம். மழையில் அந்தப் பிடி சாதாரண டயரிடம் இல்லை.

இப்போது டிராக்குக்குச் செட் பண்ணிய சிவிக் மழையில் பதினெட்டு வளைவில் இறங்குகிறது என்று வையுங்கள். பாரம் இந்த முறை பின்னிலிருந்து முன்னுக்கு ஓடுகிறது. இறக்கம் வேறு, பிரேக் வேறு. பின்னால் இருப்பது ஒடுங்கிய டயர், இறுகிய ஸ்பிரிங், அதில் பாரமும் இல்லை. வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தால் போதும், பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். முன் சில்லு இழுக்கிற காரை ஓட்டிப் பழகியவனுக்கு அது வரும்போது என்ன செய்வதென்றே தெரியாது, எல்லாம் ஒரு வினாடி. 402 மீட்டருக்கு ஒரு வினாடி குறைக்கப் போட்ட ஸ்பிரிங், உம்மா பின் சீட்டில் இருக்கும்போதும் அதே ஸ்பிரிங்தான். கிளினிக் நாளுக்கு மட்டும் கழற்றி வைக்க ஏலாது.

மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒன்று கேட்டான், அது நியாயமான கேள்வி.

“வளைவுக்குச் செட் பண்ணினவனும் மலை றோட்டிலதானே மாமா போய் வேகம் காட்டுவான்? டிராக்காரன் நேர் றோட்டில 20 செக்கன்தானே?”

உண்மை. டிராக் ரேஸை மூடிய ஓடுபாதையில் முறையாக நடத்தினால் அது மோட்டார் விளையாட்டுகளில் மிக எளிமையானது, எதிரே ஒருவனும் வரமாட்டான். வளைவுப் பைத்தியத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத மூலை இருக்கிறது, அதற்குப் பின்னால் பஸ் இருக்கிறது. ஆனால் நம் கிழக்கில் அப்படி ஒரு ஓடுபாதை எங்கே? பெருநாள் பின்னேரங்களில் நம்ம பொடியன்மார் பாய்வது அக்கரைப்பற்று-பொத்துவில் பாதையில். ஊருக்குள் 50, வெளியே 70 என்று வேக எல்லை உள்ள றோட்டு. இரவானால் மாடு படுத்திருக்கும், சில இடங்களில் யானை நிற்கும். 100 கிலோமீட்டரில் போகிறவன் ஒரு மாட்டைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுபோகிற ஒரு வினாடியில் 28 மீட்டர் போய்விடுவான். பிறகு காய்ந்த றோட்டில் நல்ல டயரோடு நிற்க இன்னும் 55 மீட்டருக்கு மேல். அந்த மாடு எழும்பி ஓடுமா என்பது மாட்டின் விருப்பம்.

ஒழுங்குபண்ணிய இடத்திலும் எல்லாம் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ பொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் ஓடுபாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட 7 பேர் இறந்துபோனார்கள். இராணுவம் நின்று நடத்துகிற போட்டி அது. பெருநாள் பின்னேரம் நம்ம றோட்டோரத்தில் ஐஸ்கிரீமோடு நிற்கிற சின்னப் பிள்ளைகளுக்கு அந்த அளவு கயிறுகூட இல்லை.

வளைவுக் கூட்டத்தையும் நான் விடவில்லை. ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு தாழ்த்துகிறார்களே, அது வளைவுக்கும் இல்லை, டிராக்குக்கும் இல்லை, படம் பிடிக்கத்தான். ஸ்பிரிங் மிஞ்சி இறுகினால் பள்ளத்தில் சில்லு அந்தரத்தில் நிற்கும், அந்தரத்தில் நிற்கிற டயருக்கு ஏது பிடி? போட்டி ஓடுபாதை கண்ணாடி மாதிரி. நம்ம றோட்டில் அறுவடைக் காலத்தில் ஒரு பக்கம் முழுக்க நெல் காயும், மறுபக்கம் டிரக்டர் கொட்டிய மண். நெல்லின் மேல் பிரேக் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆயிரம் சின்னச் சின்ன போல் பெயாரிங். மருமகன் ஆசைப்பட்ட தடித்த பின் அன்டி-ரோல் பாரையும் வேண்டாம் என்றேன். ஓடுபாதையில் அது முன் சில்லு இழுக்கிற காரை அழகாகத் திருப்பும். மழை இறக்கத்தில், முந்திச் சொன்ன அதே பின்பக்கக் கதைதான்.

ஆகவே எங்கள் தீர்ப்பு வளைவுப் பக்கம், அதுவும் பாதித் தூரம் மட்டும். இந்தச் சிவிக்கின் அதிர்ஷ்டம், முன்னும் பின்னும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். கம்பெனி கொடுத்ததே நல்ல சாமான். 27, 28 வருஷத்தில் ரப்பர்தான் செத்திருக்கிறது. பின் ட்ரெய்லிங் ஆம் புஷ் இந்த மொடலில் தேய்வது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். புஷ் முழுவதும் புதிது, ஷொக் நாலும் புதிது, கம்பெனி அளவு ஸ்பிரிங். நல்ல பிரேக் பேட், புது பிரேக் எண்ணெய். அந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், ஈரம் குடித்தால் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரிப் போகும். 195/55 ஆர் 15 டயர் நாலும் ஒரே வகை. எஞ்சினில் கை வைக்கவில்லை. சத்தம் போடுகிற எக்ஸோஸ்டும் இல்லை. பரீட்சைக் காலத்தில் இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கொண்டு விடைத்தாள் திருத்துகிறவன் நான். கணக்குப் போட்டால் நாலு லட்சம் தாண்டவில்லை.

மிச்சக் காசுக்கு அவனிடம் வேறு திட்டம் இருக்கிறது. கட்டுக்குருந்த ஓடுபாதைப் போட்டியையும் நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டத்தையும் போய்ப் பார்க்க வேண்டும், பிறகு ஹெல்மெட்டோடு முறையாகப் பதிந்து ஓட வேண்டும் என்கிறான். ராத்தா இன்னும் சம்மதிக்கவில்லை. நானும் அந்த வழக்கில் தலையிடவில்லை.

டயர் வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. ஜப்பானில் பாவித்தது, பூ நல்லா இருக்கு என்று தருவார்கள். பூ இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். நாங்கள் போன ஒரு கடையில் காட்டிய டயரில் 0814 என்று இருந்தது. கடைக்காரர் அது விலை இலக்கம் என்றார்.

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் நாலு சில்லுக்கும் எலைன்மென்ட் சரியாகச் செய்து, கெம்பர் அளவைக் கடதாசியில் எழுதியும் தருகிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த கிளினிக் நாளுக்கு முதல் முடிக்க வேண்டும்.