வெள்ளை 800-ம் எதிர் வீட்டுப் பையனும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கங்க.

புனே வந்த புதுசுல, 2001-ல, செகண்ட் ஹேண்ட்ல ஒரு வெள்ளை மாருதி 800 வாங்கினேன். 1983 டிசம்பர்ல ஐம்பதாயிரம் ரூபாய் சுமாருக்கு அந்த வண்டி முதன்முதலா வந்தப்போ, வெச்சிருந்தவர் பெரிய மனுஷர். நான் வாங்கினப்போ அதே வண்டி, 'மழையில நனையாம போகலாம், அவ்வளவுதான்'ங்கற அளவுக்கு இறங்கியாச்சு. அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் என் வண்டியைப் பார்த்தாலே குப்பைத்தொட்டி பக்கம் கை காட்டுவார். கல்யாணத்துக்குப் போனா மண்டபத்துக்கு ஒரு தெரு முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க தங்கமணி. கட்ராஜ் மலைப்பாதையில ஏறணும்னா ஏசியை அணைச்சாகணும். ரெண்டாங்கிளாஸ் படிச்ச பையனுக்கு மட்டும்தான் அது உசிரு.

2008-ல பெரிய கார் வந்தது. 800-ஐ எதிர் வீட்டு இன்ஜினியரிங் காலேஜ் பையன் கேட்டான். முப்பதாயிரத்துக்குத் தள்ளிவிட்டேன். நல்லா ஏமாந்தான்னு உள்ளுக்குள்ள ஒரு சிரிப்பு வேற.

பல மாசம் வண்டியைக் கண்ணுலயே காணோம். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கீழே ஒரே கூட்டம். எட்டிப் பார்த்தா நம்ம 800! வெள்ளை நிறத்தை மாத்தலை. ஆனா உயரம் குறைஞ்சு, 12 அங்குல சக்கரம் போய் அகலமான அலாய் வீல் வந்து, தரையோட ஒட்டிப் பதுங்கி நிக்குது. பழைய மூணு சிலிண்டர் 796 சிசி இன்ஜின் இருந்த இடத்துல ஜென் காரோட நாலு சிலிண்டர் 993 சிசி. கூட்டத்தை விலக்கி முன் வாசல்ல இடம் போட்டுக் கொடுத்தவர் யாருன்னு நினைக்கறீங்க? அதே வாட்ச்மேன்தான்.

"அப்பா, இது நம்ம கார்தானே? ஏன் வித்தீங்க?"ன்னான் பையன். என்கிட்ட பதில் இல்லை.

சாயங்காலம் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனான் அந்தப் பையன். கட்ராஜ் ஏத்தம் இருந்ததே தெரியலை. "வண்டியே 650 கிலோ சுமார்தான் அங்கிள், அதான் இதோட பலம்"னான். நான் ஏழு வருஷம் டப்பான்னு திட்டினது அதைத்தான். "முதல்ல பிரேக்கை மாத்தினேன், அப்புறம்தான் இன்ஜின்"னு வேற சொன்னான்.

அடுத்து கேட்டான் பாருங்க: "நீங்க கோயம்புத்தூர்தானே? கரிவரதன் தெரியுமா?" லக்ஷ்மி மில்ஸ் குடும்பத்துக்காரர்னு மட்டும் தெரியும். 800-ஓட இன்ஜினை வெச்சு ஒத்தை ஆள் ஓட்டற பந்தயக் கார் கட்டினவர் அவர்தான்னும், அதுக்குப் பேரு ஃபார்முலா மாருதின்னும் ஒரு மராத்திப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. 2005-ல ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், நம்மூர்க்காரர், முதல் பந்தயம் ஓட்டினதே ஸ்ரீபெரும்புதூர்ல அந்த ஃபார்முலா மாருதியிலதானாம். நான் மண்டபத்துக்கு ஒரு தெரு தள்ளி ஒளிச்சு வெச்ச வண்டியோட இன்ஜின்!

எல்லாம் நல்லதுன்னு சொல்ல வரலை. அவனைப் பார்த்து ஏரியாவுல நாலு பேர் சைலன்சரை மட்டும் மாத்தி, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழந்தைங்களை எழுப்பினாங்க. அப்புறம் எந்த 800 போனாலும் போலீஸ் கை காட்ட ஆரம்பிச்சுது. சம்பாதிச்ச பேரைப் பாதி அவங்களே கெடுத்தாங்க. 2019-ல உச்ச நீதிமன்றமும், கம்பெனி கொடுத்த ஒரிஜினல் அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு தெளிவா சொல்லிடுச்சு.

ஆனாலும் ஒண்ணு புரிஞ்சுது. அந்த வண்டியோட பேரை ஏத்திவிட்டது அலாய் வீல் இல்லை. ஒருத்தன் வேலை மெனக்கெட்டு, இதுக்குச் செலவு பண்ணலாம்னு நினைச்சான் பாருங்க, அதுதான். முப்பதாயிரத்துக்கு மேல ஒண்ணும் தேறாதுன்னு முடிவு பண்ணினவன் நான்.

2014 ஜனவரியோட 800 தயாரிப்பு நின்னு போச்சு. இப்போ வேலைக்குப் போற என் பையன், நல்ல நிலையில ஒரு 800 தேடிட்டிருக்கான். "எதையும் மாத்தப் போறதில்லைப்பா, அப்படியே வெச்சுக்கப் போறேன்"ங்கறான்.

"சரிடா. ஆனா முதல்ல பிரேக்கைப் பாரு"ன்னேன்.