மழைக்கு முந்திய பறிப்பு

சிங்கப்பூருக்குப் பனிக்காலம் என்று ஒன்றில்லை. ஆயினும் கார்த்திகை பிறந்துவிட்டால், புக்கிட் பாத்தோக் அடுக்குமாடிகளின் நடுவே உள்ள சமூகத் தோட்டத்தில் ஒரு பரபரப்புத் தோன்றிவிடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரில் மட்டும் சராசரியாக 330 மில்லிமீட்டர் அளவுக்கு மழையைக் கொண்டுவந்து கொட்டும். அந்த அடைமழைக்குக் கத்தரியும் மிளகாயும் ஈடுகொடுப்பதில்லை. வேரில் நீர் தேங்கிக் கத்தரி வாடும். மழைத்துளி தெறித்து நோய் பரவி, பழுத்த மிளகாய் புள்ளி விழுந்து அழுகும். இருப்பதைப் பறித்துவிடுவதே அறிவுடைமை.

அங்கே பாத்தி வைத்திருக்கும் மூதாட்டி ஒருவர், வெயில் ஏறுமுன் பயற்றங்காய், வெண்டை, பாகற்பிஞ்சு எல்லாவற்றையும் கூடையில் சேர்த்துவிடுவார். கங்குங் கீரையைத் தொடமாட்டார். அது மழையில் களித்து வளர்வது. மஞ்சளையும் தோண்டமாட்டார், பொங்கற்பானையில் கட்டக் கொத்தோடு வேண்டும். தேக்காவிலும் அது கிடைக்கிறதுதான். ஆனால் சொந்தப் பாத்தி மஞ்சளின் மணமே வேறு என்பது அவர் கட்சி.

எனினும் அவருடைய கவலை காயைப் பற்றியதன்று, விதையைப் பற்றியது. கத்தரிச் செடியொன்றில் ஒரே ஒரு காயைத் துணியால் கட்டிப் பறிக்காமல் விட்டுவைத்து, மஞ்சளாகப் பழுத்தபின் எடுப்பார். நீரில் பிசைந்து, மிதப்பதை நீக்கி, அடியில் தங்கும் விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துவார். மழை பிடித்துக்கொண்டால் விதை உலராது, பூஞ்சணம் பூத்துவிடும்.

அவ்விதைக்கு ஒரு வரலாறு உண்டு. 1980களில் புதுநகர் எழுவதற்குமுன், கருங்கல் குவாரிகளும் கம்பத்து வீடுகளும் தோட்டங்களும் நிறைந்த மேட்டுநிலம் இது. குவாரியின் வெடியோசை குன்றின் இருமலாகக் கேட்டதால் இப்பெயர் வந்தது என்று ஒரு கதை கூறுவர். உண்மையோ பொய்யோ, கேட்க இனிக்கிறது. கம்பங்கள் அகற்றப்பட்டபோது பழமரங்களையும் எண்ணி இழப்பீடு வழங்கினர். மாமியார் முந்தானையில் முடிந்து எடுத்துவந்த விதையை எவரும் எண்ணவில்லை. பல்லாண்டுகள் தாழ்வாரத்துத் தொட்டிகளில் வாழ்ந்த அது, தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிய பின்னரே மீண்டும் மண்ணில் இறங்கிற்று.

கத்தரி விதையின் முளைப்புத்திறன் சில ஆண்டுகளே நிற்கும். தொடர்ந்து விதைக்காமல் விட்டால் வழி அறுந்துபோம். மூதாட்டிக்கோ முழங்கால் மடங்க மறுக்கிறது. “கடையில கிடைக்கிறதுக்கு ஏம்மா இந்தப் பாடு?” என்று மகன் கேட்கிறார். உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் இறக்குமதியாகும் நாட்டில் அது நியாயமான கேள்விதான். அதில் அன்பும் இருக்கிறது. ஆனால் அந்தக் கத்தரி எந்தக் கடையிலும் இல்லை.

இம்முறை விதையை மூன்று பொட்டலங்களாகக் கட்டினார். ஒன்று அவருக்கு. ஒன்று பக்கத்துப் பாத்தி மலாய் மாதுக்கு. மழை விட்டதும் விதைக்கவேண்டும், முதல் காயைக் கறிக்கு எடுக்கக்கூடாது என்று தமக்குத் தெரிந்த பாசார் மலாயில் இருமுறை சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது மைலோ டின்னில் இருக்கிறது. அது மகனுக்கு, அவரிடம் இன்னும் சொல்லவில்லை.